பதினேழாம் தொட்டி

மூலக்கடைச் சந்தையில்
யாரையும் கிழங்கு பொறுக்க விடமாட்டான் ஜெயசீலன்.
எனக்கு மட்டும் விடுவான்.
"இன்னாக்கா, டெய்லி கெய்ங்கு? போண்டா கட போட்டுக்கினியா?"
சிரித்துவைப்பேன்.
இருநூறு கிராம். தோல் சீவி, வேகவைத்து, சாறு வடித்து,
கடற்பாசித் தூள், குளுக்கோஸ்.
உப்பு மட்டும் கூடாது.
குலைநோய்ப் பூஞ்சைக்கு நான் சமைக்கிறேன் என்று
அவனிடம் சொன்னதில்லை.

மாதவரத்தில் மாடி அறை.
விதைநெல் போடுகிறவர்கள் முப்பது பேர்
சேர்ந்து வாடகை தருகிறார்கள்.
பலகையில் 'வி' உரிந்து
தை ஆய்வகம் என்று நிற்கிறது.
அறுப்பு மாசம்தானே, இருக்கட்டும் என்றார் ரெஜினா மேடம்.

மே மாதம் கரண்ட் போன ராத்திரி.
வானம் துடைத்திருந்தால்
எங்கள் மாடியிலிருந்து அத்திப்பட்டுப் புகைபோக்கி தெரியும்.
அன்று தெரிந்தது.
சிவப்பு விளக்கு நிதானமாகக் கண் சிமிட்டியது.
இங்கே பெட்டிக்குள் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு.
தட்டுகளில் பூஞ்சைக்கு மூச்சு முட்டியிருக்கும்.
ஆட்டோ பிடித்துக் காசிமேடு போனேன்.
ஐஸ்காரர் பாளத்தை உடைத்தபடி கேட்டார்:
"எந்த மீனுக்கு?"
"வஞ்சிரம்."
பொய்க்கு அவர் கூட ஒரு கட்டி போட்டார்.

காலையில் மீஞ்சூரிலிருந்து முனிரத்தினம் வந்தார்.
நாலு ஏக்கர் விதைப்பண்ணை.
கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்து
பாதி மூட்டை பதரான ஆள்.
செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து,
தன் வயலிலிருந்து எடுத்த நோய்
கண்ணாடித் தட்டில் சாம்பல் வெல்வெட்டாய்
விரிந்திருப்பதைக் குனிந்து பார்த்தார்.
"செத்துடுச்சா?"
"இல்லைங்க. நல்லா இருக்கு."
அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
உயிரோடு இருந்தால்தான் எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியும்
என்பதை மேடம் எவ்வளவு மெல்லச் சொன்னாலும்
என் ஐஸ் பணத்தை
அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மொட்டை மாடியில் நாற்பது தொட்டி.
எல்லாம் களை.
விதைமூட்டையோடு பயணம் போகிற குதிரைவாலிப் புல்.
நெல்லுக்கு இலை மடிப்பில் நாக்குபோல ஒரு சவ்வு உண்டு,
இதற்கு இல்லை;
அது ஒன்றுதான் பால்ய வயதில் வித்தியாசம்.
மூன்று தடவை மருந்தடித்ததில்
முப்பத்தொன்பது கருகின.
பதினேழாம் தொட்டி மட்டும் பச்சை.
அதைச் சுற்றித்தான் எங்கள் மூன்று மாதம்.
மணலிக் காற்று வீசினால் எழுந்து போய்
ஓலைத்தட்டி வைக்கிறவள் நான்.

முனிரத்தினம் பேசிக்கொண்டே நடந்தார்.
கூலி ஏறியது, மழை தவறியது, சான்று அதிகாரி ஜீப்பில் வந்தது.
பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் குனிந்தது.
இரண்டு விரல், ஒரு திருகு.
பதினேழு
வேரோடு அவர் கையில் தொங்கியது.

மேடம் கையிலிருந்த டீ டம்ளர் நின்றது.
அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார்,
புல்லைப் பார்த்தார்.
"ஐயோ, கை பழக்கம்மா."

பிறகு உட்கார்ந்தார். வேட்டி மண்ணில் புரண்டது.
சுண்டுவிரலால் குழி போட்டு,
வேரை நீவிப் பிரித்து,
கழுத்து புதையாமல்,
நாற்பது வருஷமாய் நாற்று நடுகிற அதே கவனத்தில்
களையை நட்டார்.
"தண்ணி குடும்மா, சீக்கிரம்."
குவளையை அவரே வாங்கி ஊற்றினார்.
போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதல் நாள் தலை தொங்கியது.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் நிமிர்ந்ததும் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் கரும்பலகைபோல அமைதி.
"பொழச்சிக்கும்னு தெரியும். என் நெலத்துல பொறந்ததாச்சே."
திட்டினாரா, பெருமைப்பட்டாரா, பிடிபடவில்லை.

பதிவேட்டில் குறிப்புக் கட்டம் சின்னது.
நுணுக்கி எழுதினேன்:
பிடுங்கியவர் முனிரத்தினம்.
நட்டவரும் அவரே.