மூன்று தவணை

முதலில் பேரிக்காய் வரும் என்று படிக்கிறேன்,
அப்புறம் பியோனிப் பூ, லிச்சி கொஞ்சம்,
எல்லாம் அடங்கியபின் கஸ்தூரி.
காலை ஐந்தரை, பெலேம் மீன் சந்தை.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸில் நின்று
இறால் உரித்தபடி கேட்கிறாள் வால்டெனோரா.

பியோனி எப்படி இருக்கும்?

எனக்கும் தெரியாது.
இந்த ஆற்றங்கரையில் அதைக் கண்டவர் எவருமில்லை.
தாளைத் தேய்த்து மூக்கருகே பிடித்தேன்.
குப்புவாசு காய்க்கிற ஊரில்
இதையா பழம் என்கிறார்கள், என்றாள்.
ஆனாலும் முகத்தை விலக்கவில்லை.

கீழே எழுதியிருந்ததையும் படிக்கச் சொன்னாள்.

*இவள் துள்ளல்காரி. வெயில் குடித்தவள்.
கதவு திறக்குமுன் இவள் சிரிப்பு உள்ளே போய்விடும்.
ஒருமுறை சந்தித்தவர் மறப்பது கடினம்.*

பதினொரு வருடமாகக் குணம் விற்கிறேன் நான்.
மருந்துக்கடை விதவைக்கு வனிலா,
வங்கிப் பெண்ணுக்குப் பச்சைத் தேயிலை,
கல்யாணம் நிச்சயமானவளுக்குக் கார்டேனியா.
மீன் அறுப்பவர்களுக்கு
எலுமிச்சை சோப்பைத்தான் நீட்டுவேன்.
கேட்டலாக்கின் அந்தப் பக்கத்தை
அவளாகத்தான் திருப்பினாள்.

எதற்கு என்று கேட்டேன். கத்தியைத் துடைத்தாள்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் போன வாய்தா.
ஐஸ் ஃபாக்டரி ஒதாசிரின் வக்கீல்
நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.
கோபமாக இல்லை, மரியாதையாகத்தான்,
சாரலுக்கு ஒதுங்குகிற மாதிரி.
நாலு விரல் தூரம், என்று
விரலை வைத்துக் காட்டினாள்,
செதில் ஒட்டிய நாலு விரல்.

மூன்று தவணை பேசினோம்.
இளஞ்சிவப்புக் குப்பி, பூ மாதிரி மூடி.

வாய்தா அன்று நானும் போனேன்.
விற்றவளுக்கு அவ்வளவாவது பொறுப்பு வேண்டாமா.
கழுத்தில், காதுக்குப் பின்னால்,
முள் கிழித்த மணிக்கட்டுகளில் பீய்ச்சிக்கொண்டு
எரிகிறது என்று பல்லைக் கடித்தாள்.
பேரிக்காய் பஸ்ஸிலேயே செத்தது.
ஒன்பது மணி என்றவர்கள்
ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள்.
அதற்குள் வராந்தா வெக்கையில்
பியோனி உதிர்ந்தது, லிச்சி போயிற்று.
கஸ்தூரி கொஞ்சம் மிஞ்சியது.
அதற்கும் அடியில், கட்டிய வாடகை வீடு போல்
எதுவும் ஆகாமல் உட்கார்ந்திருந்தது மீன்.

குப்பியை எடுக்கப் பையில் கைவிட்டேன்.
வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நாலு மாதம்தான் வேலை பார்த்தாள் என்றது
ஒதாசிரின் பேரேடு.
இவளிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

மார்ச் ஒன்பது, சனி. மழை.
இரவு இரண்டு மணிவரை. நூற்று நாற்பது கிலோ.
மார்ச் பதினாறு. தொண்ணூறு கிலோ,
கரண்ட் போய் மெழுகுவர்த்தியில்.
மார்ச் இருபத்திமூன்று,
கட்டைவிரல் வெட்டுப்பட்டது, நூற்றுப் பத்து.
ஏப்ரல்.
மே.

தட்டச்சுக்காரப் பையன் ஒரு கணம் நிறுத்தி
அப்புறம் வேகமாக அடித்தான்.
அவள் குரல் எப்போதும் தாழ்ந்ததுதான்.
ஒரு தேதியும் தவறிவிடக் கூடாதே என்று
வக்கீல் நாற்காலியை
முன்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.
நாலு விரலுக்கு மேலேயே இருக்கும்.

தீர்ப்பு ஆகஸ்டில் என்றார்கள்.

இரண்டாவது தவணையை இறாலாகக் கொடுத்தாள்.
மூன்றாவது இன்னும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.
கேட்டால் தேதி சொல்வாள்,
போன டிசம்பரில் நான் கடன் சொல்லி வாங்கிப் போன
விலாங்கு மீனையும் சேர்த்து.

நேற்று ஒரு பல் மருத்துவர் மனைவி
அதே பக்கத்தில் விரல் வைத்து,
இது எந்த மாதிரிப் பெண்ணுக்கு, என்றாள்.

நாள், கிழமை, கிலோ எதையும்
மறக்காதவளுக்கு, என்றேன்.

சிரித்துவிட்டு வனிலா எடுத்துக்கொண்டாள்.