டாக்டர் சொல்வார்

குயபாண்டா.
ஜூலுவில், 'குளிரும்'.
ஜெல் புட்டியைக் கவிழ்க்குமுன் சொல்ல வேண்டியது.
முப்பத்தோராண்டு சொன்னதில்
தமிழ் பேசும் சாட்ஸ்வொர்த் அம்மாக்களிடமும்
வாய்தவறி அதுவே வரும்;
அவர்களும் சிரித்துக்கொண்டு
பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டுவார்கள்.

என் ஜூலு ஒரு கட்டில் நீளம்:
திரும்பு, மூச்சைப் பிடி, விடு,
வலிக்கிறதா, இன்னும் கொஞ்சம், முடிந்தது.
அதை வைத்துச் சந்தையில்
ஒரு கட்டுக் கீரைக்குக்கூடப் பேரம் பேச முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் திரை கிடையாது.
பென்சில் தடிமனில் ஒரு டாப்ளர், ஒரு ஒலிபெருக்கி,
இரண்டு காது.
புதன் மாலைத் தமிழ் வகுப்பில்
அசை சீர் தளை தொடை என்று
வாத்தியார் பலகையை நிரப்பிய வருஷம் அது.
தொடை என்றதும் எனக்கு வேறு தொடை.
நல்ல தொடைத் தமனி மூவசைச் சீர்:
முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி முன்னே.
சர்க்கரை தின்ற காலில் ஓரசைதான்,
கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல்.
யாப்பில் நான் தேறவில்லை.

பிறகு வண்ணம் வந்தது.
சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்டது என்று
படுத்திருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.
அப்படியில்லை.
புரோபை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம்,
ஒரு பொத்தானில் இரண்டும் இடம் மாறும்.
இதில் தத்துவம் எதுவும் இல்லை,
பலர் எதிர்பார்த்தாலும்.

சிரை வேறு மாதிரி. அழுத்தினால் வாய் மூட வேண்டும்.
நோம்வூலா, குழந்தை பிறந்து ஆறாம் நாள்,
இடது கால் வலதைவிட ஒன்றரை மடங்கு.
அழுத்தினேன். மூடவில்லை.
இன்னொரு தடவை, இரண்டு விரல் மேலே.
மூடவில்லை.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
யாரும் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் படிப்பார்கள்,
மெட்ரிக் ரிசல்ட் வந்த பேப்பரில்
தன் நம்பரைத் தேடுவதுபோல்.
உடொகொடேலா உஸொகுட்ஷேலா என்றேன்:
டாக்டர் சொல்வார்.
கண்டதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை;
ஓடிப்போய் டாக்டரைக் கையோடு இழுத்து வர மட்டும்
யாரும் தடை போட்டதில்லை.

அந்த முகம் சில நாள் வீடு வரைக்கும் கூட வரும்.
"யாருக்கு என்ன?" என்பார் பூபாலன், சோற்றைப் பிசைந்தபடி.
டாக்டர் சொல்வார் என்பேன்.
அவருக்குச் சிரிப்பு வரும்.

போன மார்ச், அவருடைய கழுத்து.
வலது கண்ணில் திரை இறங்கி
இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டதாம்;
மூன்று நாள் கழித்து, மீன் வாங்கப் போகிற வழியில் சொன்னார்.
சொந்தக்காரரை நாமே பார்ப்பது வழக்கமில்லை.
ஷெரீன் பார்த்தாள்.
நான் திரைக்கு முதுகு காட்டி நின்று
அவள் முகத்தைப் பார்த்தேன், எல்லாரையும் போல.
நல்ல முகம். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
ஆனால் ஒலியைக் குறைக்க அவள் கை போனது,
கொஞ்சம் தாமதமாக.
குக்கர் விசில் விடுமுன் சீறுமே, அது.
நானூறு இருக்கும் என்றது காது.
பூபாலன் என்னைத்தான் கேட்டார், "என்ன?"
"டாக்டர்" என்று ஆரம்பித்தேன்.
மீதியை அவரே சொன்னார்.

ஆபரேஷன் ஆயிற்று. தழும்பு காலருக்குள் அடங்கிவிடுகிறது;
அடங்காதது, மாத்திரைகளைப் பற்றிய அவர் புகார்.
என் வலது தோள் இனிச் சரியாகாது.
புரோப் பிடித்த கை
மிளகாய்த்தூள் டப்பா இருக்கும் தட்டுக்கு எட்டுவதில்லை,
டப்பா கீழே இறங்கிவிட்டது.

நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று,
அட்டவணைப்படி.
மெழுகுவர்த்தியைத் தேடவில்லை.
பாத்திரம் கழுவின கையை
அவர் கழுத்தில், தழும்புக்குக் கீழே, வைத்தேன்.
"குயபாண்டா" என்றார் இருட்டுக்குள்.
முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.