பிரிண்டர்-2

ஷார்ஜா சனையாவில் ஸ்பேர் பார்ட்ஸ் ஆபீஸ்.
போன மாதம்
ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து வந்த பில்லுக்கு
நாற்பதாயிரம் திர்ஹம் போயிற்று.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஃபயர்வால் வைத்தேன்.
மெயிலுக்கு இரட்டைப் பூட்டு.
மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கிழித்தபோது
கணக்கர் குரியச்சனுக்குப்
பல்லைப் பிடுங்கிய முகம்.

லாகில் ஒரு வரி இடறியது:
தினமும் இரவு பதினொன்றரை,
ஸ்டோர் ரூம்,
பெயரில்லாத போன், நாற்பது நிமிடம்.

டீ கொண்டுவந்த மொஃபிஜுல்
கோப்பையை வைத்துவிட்டும் போகவில்லை.
"சார், வைஃபை..."
அதற்குமேல் எங்கள் இருவரிடமும் இந்தி இல்லை.

எல்லா வாசலையும் அடைத்தேன்.
பட்டியலின் அடியில் ஒன்று சேர்த்தேன்:
பிரிண்டர்-2, அனுமதி.

ஓட்டை ஏதுமில்லை என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஆபீஸில் இருப்பது
ஒரே பிரிண்டர்.