மூன்றே அரைக்கால் அங்குலம்

பகாவ் பட்டணத்துக்குத் தெற்கே, செம்பனைகளுக்கு நடுவே
செம்மண் ஓடுபாதை. ஓரத்தில் தகரக் கொட்டகை.
உள்ளே மூன்று பங்காளிகளுக்கு ஒரே விமானம்.
இறக்கை இரண்டும் டயர்க் கடை லிம் சூன் ஹுவாட்டுக்கு,
எஞ்சின் எஸ்தர் குணமணிக்கு,
எனக்கு இருக்கையும் கடனும்.

நேற்று எஸ்தர் பலகையிலிருந்து
அடிவானத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
மேலே நீலம், கீழே மண்நிறம், நடுவே ஒரு வெள்ளைக் கோடு.
கண்ணாடிக்குப் பின்னால் பம்பரம்.
எஞ்சின் முதுகில் ஒட்டிய பம்பு காற்றை உறிஞ்ச
அந்த வெற்றிடத்தை நிரப்ப ஓடிவரும் காற்றுதான்
அதைச் சுழற்றும்.
முப்பத்தொன்பது வருஷம்
ஒன்றுமில்லாததை நம்பித்தான் அது நிமிர்ந்து பறந்தது.

போன மாசம் ஜெரெபு.
கோலப்பிலாவுக்கு மேலே
வானமும் இல்லை, தரையும் இல்லை.
சாம்பல் கரைத்த பாலில் விழுந்த ஈயாக நான்.
பம்பு அப்போதுதான் செத்தது. சத்தம் போடவில்லை.
பம்பரமும் உடனே விழவில்லை,
தூங்கிக்கொண்டிருந்தது தலையாட்டத் தொடங்கியது,
அவ்வளவுதான்.
கோடு மெல்லச் சாய்ந்தது.
நல்ல பிள்ளையாய் நானும் கூடவே சாய்ந்தேன்.
உடம்பு ஒன்றும் சொல்லவில்லை.
சீராகத் திரும்பும் விமானத்தில்
தம்ளர் தண்ணீர்கூடத் தளும்பாது.
புகை கிழிந்த இடத்தில், பக்கத்து ஜன்னலில்,
செம்பனை வரிசைகள்
சுவரில் மாட்டிய பாய்போல நின்றன.

உறிஞ்சுமானி அத்தனை நேரமும் பூஜ்யம் காட்டியிருக்கிறது,
பலகையின் கோடியில், கட்டைவிரல் அளவில்.
எப்படி நிமிர்த்தினாய் என்று எஸ்தர் கேட்டாள்.
பதில் சொல்லாமல் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மேசைமேல் இப்போது இரண்டு விலைப்பட்டியல்.
இரண்டும் மின்சாரம். சுழல எதுவும் கிடையாது.
இரண்டும் அதே ஓட்டையில் உட்காரும்,
மூன்றே அரைக்கால் அங்குலம்.
ஒன்று மலிவு. ஆனால் சாய்வைக் கணக்குப் போட
வேகம் அளக்கும் குழாயின் தயவு அதற்கு வேண்டும்.
"நம்ம ஊருக் குளவிய நெனச்சுப் பாரு" என்றாள் எஸ்தர்.
தைப்பூசத்துக்கு நாலு நாள் உறை போடாமல் விட்டதில்
ஒன்று அந்தக் குழாய்க்குள் மண்ணில் வீடு கட்டி
பிள்ளையும் பெற்றிருந்தது.
மற்றதுக்கு யார் தயவும் வேண்டாம்.
கரண்டு போனாலும் வயிற்றுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மின்கலம்.
நாலாயிரத்து முந்நூறு வெள்ளி கூட.

லிம் கால்குலேட்டரைத் தட்டினார்.
தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாய் இருந்தபோது கற்ற தமிழ் அவருடையது.
"புதுப் பம்பு ரெண்டாயிரம் வெள்ளி. அதுவும் ஓடும்லா."
ஓடும்.
"கரண்டுப் பொட்டி மட்டும் சாகாதா?"

"சாகும்."
எஸ்தர் பம்பைப் பிரித்திருந்தாள்.
உள்ளே கரித்தகடுகள் நொறுங்கி
விரலெல்லாம் கறுப்பு.
"செத்தா திரை முழுக்கச் செவப்பாப் பெருக்கல் குறி போடும்.
எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டுத்தான் சாகும்.
இது இருக்கே" – பழையதைத் தட்டினாள் –
"சாகுறப்பவும் தெரிஞ்ச மாதிரியே காட்டும்."

லிம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்க அண்ணன் மாதிரி" என்றார்.
காசோலைப் புத்தகத்தைத் திறந்தார்.

அனுமதித் தாள் வர மூன்று வாரம்.
அதுவரை பலகையில் வட்டமாய் ஓர் இருட்டு.
குளவி புகாமலிருக்க எஸ்தர் அதன்மேல்
மைலோ டின் மூடியை ஒட்டிவைத்திருக்கிறாள்.

ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
கொட்டகை வாசலில் மழை விட்டிருந்தது.
செம்பனைத் தலைகளுக்கு மேலே
அடிவானம் கிடந்தது,
அங்கங்கே மேடும் பள்ளமுமாய்.