எட்டாம் கலம்

புரட்டாசியில் நான் எழுதிய பட்டியல்
பீரோவுக்குள் இருந்தது.
வறட்சி நிவாரணம், நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
ஏழு கலம் கோடு போட்டு
எட்டாவதாகக் "குறிப்பு".

அப்போது பெருமாள் ஏரியில்
கோரைகூடக் காய்ந்து கிடந்தது.
ஆட்டுக்காரர்கள் குறுக்கே நடந்தே
அக்கரை போனார்கள்.
அளவுகோல் கல்லின் அடியில்
சீட்டாடியவர்கள் விட்டுப்போன தீக்குச்சிகள்.
சிங்காரவேலு தன் கிணற்றில் கயிறு விட்டார்.
விட்டுக்கொண்டே இருந்தார்.
வாளி பாறையில் மோதும் சத்தம்
மேலே வந்து சேர நேரம் எடுத்தது.
"கேட்டுக்கங்க மேடம், இதுதான் என் அடங்கல்."
எழுதினேன்:
சர்வே எண் 214/3பி. நீர் இல்லை.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு
வானிலை அறிக்கை என்ன நிறம் சொன்னதோ,
கரண்ட் போனபிறகு எல்லாம் ஒரே நிறம்.
"மழையாம்மா?" என்றான் மகன்.
மழைதான் என்று நான் சொன்னது
அடுத்த பாயில் இருந்தவன் காதில் விழவில்லை.
விடியும்போது
பரவனாற்றுக்குக் கரை என்று ஒன்றும் இல்லை.
சுரங்கத்துக் கறுப்பும் மேட்டுச் செம்மண்ணும்
முறுக்கிய வடமாகப்
பள்ளிக்கூடத் தெருவில் ஓடின.

கலியமூர்த்தி வீட்டுக் கொப்பரை,
தைக்கு வெல்லம் காய்ச்ச வேண்டியது,
மிதந்து வந்தது.
உள்ளே அவர் மருமகள் தையல்நாயகி,
இரண்டு ஆட்டுக்குட்டி, கேஸ் சிலிண்டர்,
பால் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு.
தள்ளிக்கொண்டு வந்த கலியமூர்த்திக்குக்
கழுத்து வரை தண்ணீர்.
"பாகுன்னா ஒட்டியிருக்கும், இது வழுக்குது" என்றார்.
சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மழைக்கஞ்சி காய்ச்சிய அதே அண்டாவில்
முகாமுக்குச் சாம்பார் சாதம் வெந்தது.
வீடு வீடாய் அரிசி வாங்கி
வானத்தைப் பார்த்து அழுத பெண்கள்தான்
இப்போதும் கரண்டி பிடித்தார்கள்.
யாரும் வானத்தைத் திட்டவில்லை.
பச்சையம்மாள் மட்டும் சாப்பிடவில்லை.
அவளுடைய இரண்டு பசுவும்
கட்டுத்தறியிலேயே நின்றபடி மூழ்கியிருந்தன.
"அவுத்து விட்டுட்டு வந்திருக்கலாம்,
ஒரு சுருக்குதான்" என்றாள்.
மறுபடி, "ஒரு சுருக்குதான்."

தாலுகாவிலிருந்து போன்.
நாளைக் காலை பத்து மணிக்குள் பட்டியல்.
ஓரம் ஊறிய பழைய தாளை எடுத்தேன்.
"வறட்சி"யை அடித்து
மேலே "வெள்ளம்" என்று எழுதினேன்.
பெயர்கள் அப்படியே.
சர்வே எண்கள் அப்படியே.
கருகிய இரண்டு ஏக்கர்
மூழ்கிய இரண்டு ஏக்கர்.
நெல்லை அளந்த காலத்தில்
கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால்.
என்னிடம் இருப்பவை வெறும் கட்டங்கள்.

நான்காம் நாள்
சிங்காரவேலு மார்பளவு நீரில் நின்று
மூங்கில் கழியால் குத்திக்கொண்டிருந்தார்.
இருபத்திரண்டு நாள் நாற்று
அழுகிக் காலில் சுற்றியது.
குத்திய இடமெல்லாம் சேறு, சேறு.
பிறகு ஓரிடத்தில்
கழி உள்ளே போனது,
கை முழங்கை வரை போயும் தட்டவில்லை.
"இங்கதான் மேடம்! இங்கதான்!"
அறுபது அடியும் நிறைந்திருந்தது.
உரக்கச் சிரித்தார்.
வரப்பு மேட்டில் பச்சையம்மாள்
வெறும் கயிற்றோடு நிற்பதைப் பார்த்ததும்
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு எட்டாம் கலத்தில் எழுதினேன்:
நாற்று முழுதும் அழிவு. கிணற்றில் நீர் உண்டு.
தாசில்தார் சிவப்பு மையில் வட்டமிட்டார்:
இழப்பை மட்டும் குறிப்பிடவும்.
சுத்தப்படி எழுதினேன்.
பாதி வரி குறைந்தது.

கையெழுத்து வாங்க ஏரிக்கரையில் போனால்
அளவுகோல் கல்லில் கடைசி எண் மட்டும் வெளியே.
அதன்மேல் ஒரு நீர்க்காகம்
இறக்கையை விரித்துக் காய்ந்தது.
சிங்காரவேலு தாளைப் படிக்கவில்லை,
எந்த நிவாரணம் என்றும் கேட்கவில்லை.
ஈரக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்தபடி கேட்டார்:
"குறுகிய கால விதை
எந்தக் கிழமை வரும்?"