இருபத்திமூன்றாம் அளவு

கோப்பில் இருந்த படத்தை வைத்துத்தான்
சப்பாத்து வாங்கினோம்.
ஒஸ்லோவில், தள்ளுபடி நாளொன்றில்,
உள்ளே கம்பளி வைத்த சிவப்புச் சப்பாத்து,
இருபத்திமூன்றாம் அளவு.
"மகளுக்கா?" என்று கடைக்காரி கேட்டாள்.
"ஓம்" என்றேன் அவளின் மொழியில்.
அந்த மொழியில் பொய் சொல்வது
எனக்கு இன்னும் லேசு.

பிறகு கோப்பு நடந்தது,
மேசைக்கு மேசை, மாடிக்கு மாடி.
கையொப்பம் வைக்க வேண்டியவ
பிரசவ லீவில் போனா.
அவ திரும்பி வரும்வரை
எங்கட பிரசவம் நிறுத்திவைக்கப்பட்டது.

விசாப் படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில்
தயாபரன் நெடுநேரம் பேனையைப் பிடித்திருந்தார்.
விசுவமடுவில் பிறந்த மனிசன்,
பதினாறு வயதில் மாமாவோடு வெளிக்கிட்டவர்,
முப்பது நாள் விசாவில்
வெளிநாடு போகிறார்.

முறிகண்டியில் வான் நின்றது.
கச்சானை உரித்து உரித்து என் கையில் போட்டார்,
தான் ஒன்றும் தின்னவில்லை.
"விசுவமடுப் பக்கம் ஒருக்காப் போய்ப் பார்ப்பமா?"
"பிள்ளையைப் பார்க்க வந்தனாங்கள்" என்றார்.

இல்லம் பரந்தனுக்கு உள்ளே, வயலைப் பார்த்தபடி.
கேற்றைத் திறந்தது ஒரு பெடியன்.
ஒன்பது வயதிருக்கும்,
தலைமயிரைத் தண்ணி போட்டு வாரியிருந்தான்.
எங்கள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து
உள்ளே இழுத்துப் போனான்.
"ஆர் வந்தாலும் இவன் இப்படித்தான்"
என்றா பொறுப்பாளர்.

கம்ஷிகா வந்தாள்.
படத்தில் இருந்தவள் இல்லை.
நாலு வயது. முன்பல்லில் ஒரு மூலை இல்லை.
முழங்காலில் ஊதா மருந்து,
கையில் பால்மாப் பேணியின் மூடி.
நான் பழகிக்கொண்டு வந்த கொஞ்சல் எல்லாம்
இரண்டு வயதுக்காரிக்கானவை.

சப்பாத்து குதிக்காலில் நின்றுவிட்டது.
அழுத்திப் பார்த்தேன்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
"நோகுது" என்றாள்.
அவள் எனக்குச் சொன்ன முதற்சொல் அது.

தானே கழற்றினாள், கைகளில் மாட்டினாள்,
நாலு காலில் நடந்து தயாபரனிடம் போய்
நிமிர்ந்து கேட்டாள்:
"நீங்கள் ஆற்ற ஆக்கள்?"

இந்தப் பக்கத்தில்
வழி கேட்டு வருபவனிடமும் கேட்கிற கேள்விதான்.
தகப்பன் பெயர், பேரன் பெயர்,
எந்த ஒழுங்கை, எந்தக் கிணறு,
ஒரு காலத்தில் மூச்சு விடாமல் சொல்லியிருப்பார்.
வாயைத் திறந்தார். மூடினார்.
சப்பாத்துக் கைகளோடு அவள் காத்திருந்தாள்.
"யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றுவிட்டு
பூனை பார்க்கப் போனாள்.

நீதிமன்றத்துக்குப் போன நாள்
ஜன்னலுக்கு வெளியே ஒரே மழை.
நீதிபதி இரண்டு தரம் கேட்டார்:
"இவையோட போக விருப்பமோ?"
"மழை விட்டாப்போல" என்றாள்.
தட்டச்சுக்காரர் அதை எழுதவில்லை.
'சம்மதம்' என்று எழுதினார்.

சிவப்புச் சப்பாத்தை அங்கேயே விட்டோம்.
அளவான கால் ஒன்று வரும் என்றா பொறுப்பாளர்,
வராமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னா.
பெட்டியை வானில் ஏற்றித் தந்தவன்
"வரேக்க இதைவிடப் பாரம்" என்றான்.
உண்மைதான்.

கரடிப்போக்கு லொட்ஜில் முதல் இரவு.
கட்டிலில் ஏறமாட்டாள். விழுந்திடுவாளாம்.
மூவரும் நிலத்தில் படுத்தோம்.
நடுவில் விட்ட இடத்தை விட்டுவிட்டு
சுவரோரம் போய்
சுவரில் ஒரு கையை வைத்தபடி நித்திரையானாள்.

கரண்ட் போன பிறகு
இவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார்,
எனக்கில்லை, அவளின் முதுகுக்கு:
"வேலாயுதத்தின்ர பேரன்.
கந்தப்பிள்ளையின்ர ரெண்டாவது.
பாலை மரத்தால திரும்பினா மூண்டாவது வளவு.
பக்கத்தில இராசம்மா ஆக்கள், அங்கால மணியம் கடை…"

பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன.
விடியப் போகிற நேரம்
எனக்குத் திடுக்கென்றது:
கேற்றைத் திறந்த பெடியனின் பெயரை
நான் கேட்கவேயில்லை.