கொஞ்சம் டைட்டு

சாக்குக் கடை பாக்கிக்கு
செவ்வாய்ப்பேட்டை முழுக்க வாரம் ஒருமுறை
எக்ஸெல் வண்டியில் போய் வருகிறவள் நான்.
பில் புத்தகம், ரப்பர் பேண்டு சுற்றிய பேனா,
மடியில் சில்லறைப் பை.

"கொஞ்சம் டைட்டா இருக்கும்மா"
என்பதுதான் இந்தத் தெருவில் வணக்கம்.

எது டைட்டு என்று யாரும் சொல்வதில்லை.
எழுவாய் இல்லாத வாக்கியம் அது.
சட்டையா, செருப்பா, மில்லின் பெல்ட்டா?
பணம் என்ற சொல்லை நாக்கில் படாமல் தாண்டி
பணமில்லை என்று சொல்லிவிடலாம்.
கூடவே கை ஒன்று பிடரிக்குப் போக வேண்டும்.
கண் மின்விசிறிக்கு.

எங்கள் வீட்டில் இதன் பெயர் பஞ்சப்பாட்டு.
பாட்டு என்பதால் ராகம் உண்டு.
ராகம் தெரிந்தவன் பட்டினி கிடந்து
நான் பார்த்ததில்லை.

ஜவ்வரிசி மில் பச்சமுத்து பாடுவார்:
மரவள்ளி விலை, மழை, கரண்ட் பில், மகள் காலேஜ்.
வாசலில் நிற்கும் புதுக் காரின் சக்கரத்தடியில்
நசுங்கிய எலுமிச்சை இன்னும் காயவில்லை.
நான் அதைப் பார்ப்பதை அவர் பார்ப்பார்.
"லோன்தான்" என்பார்.
பிறகு எண்ணிக் கொடுப்பார், பாதி.

மாதப்பனும் அப்படித்தான், ஆறு வருஷம்.
அவர் மூக்கால் அழ
நான் தலையாட்ட
பாக்கி பைசா குறையாமல் வந்து சேர்ந்தது.

போன ஆடியில்,
கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரம்,
இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.
"வாங்க வாங்க, யாவாரம் ஜோரு.
அடுத்த வாரம் மொத்தமா வாங்கிக்கங்க"
என்று பையனை அனுப்பி
பாதாம்பால் வரவழைத்தார்.

மூலையில் தராசு நின்ற இடம்
தூசிக்கு நடுவே சதுரமாகச் சுத்தமாயிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டேதான்
கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அடுத்த வாரம் ஷட்டருக்கு முன்னால்
பதினோரு பேர் நின்றோம்.
எவ்வளவு உங்களுக்கு என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.
"சின்ன அமவுண்ட்டுதாங்க" என்றார்
லாரி ஆபீஸ்காரர், முகம் வெளிறி.
"நமக்கும் பெரிசா இல்லீங்க" என்றார் தவிட்டுக்காரர்.
அவரவர் கடன்காரர் காதுக்குப் போய்விடக் கூடாதே.
டைட்டு என்ற சொல்
அன்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு
பச்சமுத்து பிடரியைச் சொறிந்து
மின்விசிறியைப் பார்க்கும்போதெல்லாம்
என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.
அழுங்கள் அண்ணா, நன்றாக அழுங்கள்,
காத்திருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை.
மகன் டியூஷனுக்கு
முதலாளியிடம் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கேட்டேன்.
எட்டு வருஷமாக என்ன சொல்வாரென்று
எனக்குத் தெரியும். உதடு அசையும் முன்பே
சரிங்க, பரவாயில்லீங்க என்று
வாயில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார்.
"ஆயிரம் போதுமா வளர்மதி?
எவ்வளவு வேணும்னாலும் கேளும்மா.
நம்மளுக்கென்ன, ஜோராத்தானே போகுது"
என்று பையனைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து
தரையைப் பார்த்தேன்.